மோட்டாரை ஓடவிட்டது நீங்கள் இல்லை

அப்பா,

மறதிக்காக மூன்று மணிக்கு டாக்டரிடம் போக வேண்டாம். போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீர் மோட்டாருக்கு ரிமோட் பொருத்தியதிலிருந்து மாடித் தொட்டி மூன்று முறை வழிந்துவிட்டது. "நான் தொடவே இல்லம்மா" என்றீர்கள். "தொட்டதே மறந்துபோச்சு, அதான் பிரச்சனையே!" என்று கத்தினேன். இன்று கிளம்பும் அவசரத்தில் கைப்பையை மேசைமேல் போட்டேன். உடனே மோட்டார் ஓடத் தொடங்கியது. பைக்குள் இருந்த இரண்டாவது ரிமோட்டின் பொத்தானைச் சாவிக்கொத்து அழுத்தியிருக்கிறது. ஒருமுறை அழுத்தினால், மறுபடி அழுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்குமே.

அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். இனி கதவருகே தொங்கும் ரிமோட் மட்டும்தான். அது உங்கள் பொறுப்பு.

மசித்த வாழைக்காயும் பொரித்த சலாமி இறைச்சியும் அடுப்பின்மேல் மூடி வைத்திருக்கிறேன். என்மேல் கோபம் வரும். சாப்பிட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

நெரெய்தா

இதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மறதி என்று கடைக்கார எலாடியோவிடம் சொன்னது நான்தான். அவர் கடையில் நடக்கும் டோமினோ கட்டை ஆட்டத்தில் உங்களை இப்போது புள்ளி எழுத விடாதது அதனால்தான். நான் பிடிக்க வேண்டிய சந்தியாகோ பஸ் போனால் போகட்டும். முதலில் கடைக்குப் போய், ஆடுகிற எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லப் போகிறேன்.