எட்டு மீன்களும் ஒரு நீலச் சிங்கியும்

காலையில் தொட்டியின் கூழாங்கற்களை அள்ளிக் கழுவினேன். இரண்டு முறை சோப்புப் போட்டும் விரல்களிலிருந்து அந்த வாடை போகவில்லை. பாசியும் ஊறிப்போன தீனியும் கலந்த வாடை. ஜன்னல்கள் சாத்திக் கிடந்த உன் வீட்டில், மத்தியான வேளைகளில் நான் தனியாக நின்று முகர்ந்த வாடை. லாரி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இரண்டு வருடமாக என்னிடம் கிடக்கிறது.

அந்த நீலச் சிங்கியை வாங்க நாம் இரண்டு பேரும்தான் போனோம். நம் கடல் சிங்கி இறாலுக்குக் கொடுக்கு கிடையாது. இதற்கு உடம்புக்குப் பொருந்தாத இரண்டு பெரிய கொடுக்குகள். நன்னீரில் வாழ்வது, விரல் நீளம், மை கொட்டியதுபோல நீலம். கலர் மீன் கடைக்காரர் பையில் பிடித்துக்கொண்டே எச்சரித்தார்.

"தம்பி, இதத் தனித்தொட்டில விடணும். மத்த மீனோட விட்டா ஒண்ணும் மிஞ்சாது."

"வயிறு நெறஞ்சு கெடந்தா அது ஏன் அண்ணாச்சி பிடிக்கப் போவுது?" என்று நீ சிரித்தாய்.

தொட்டி உன் மனைவி ஜெசிந்தாவுடையது. நீ கப்பலில் இருக்கும் மாதங்களில் அந்த எட்டுத் தங்கமீன்கள்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். "எனக்கு இதப் பாக்கவே புடிக்கல. கொண்டு குடுத்துருங்க" என்றாள். நீ கேட்கவில்லை. உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து அதற்கு ஒரு குகை செய்து கொடுத்தாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வந்தபோது அது தொட்டியின் நடுவில் மல்லாந்து கிடந்தது. நீ முகம் வாடி அதை வெளியே எடுத்தாய். எடையே இல்லை. கண் இருந்த இடம் ஓட்டை, உள்ளே ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்துச் சட்டிக்குள்ளிருந்து இரண்டு மீசைகள் மெல்ல வெளியே நீண்டன. ஜெசிந்தா அலறினாள்.

"ஏளா, அது சாகல. சட்டைய உரிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்று நீ சொன்னாய். நீ சொன்ன பிறகும் நான் அதைக் கையில் வாங்கவில்லை.

அடுத்த மாதம் நீ கப்பலேறினாய். ஜெசிந்தா பிரசவத்துக்குத் தருவைகுளத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். கிளம்பும் முன் சாவியை என் கையில் கொடுத்து, "அத ஒருநாளும் பட்டினி போட்ராதல. அவ மீனுக்கு நீதான் பொறுப்பு" என்றாய்.

கொழுந்தியாள் கல்யாணத்துக்காகச் சாத்தான்குளம் போனவன், மூன்று நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்து எண்ணினால் ஆறு. எலும்பு இல்லை, செதில் இல்லை, தண்ணீர்கூடக் கலங்கவில்லை. அதற்குப் பிறகு வேளை தவறாமல் தீனி போட்டேன். பயனில்லை. அது ருசி கண்டுவிட்டது. ஐந்து. நான்கு. மிஞ்சியவை மேல்மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். தீனிக்குக்கூட இறங்காது. கதவைத் திறந்ததும், சட்டிக்குள் கற்களை நகர்த்தும் சத்தம் நின்றுபோகும். யாரோ பேசிக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கண்டு நிறுத்தியதுபோல இருக்கும்.

அதைத் தனியே மாற்ற ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கினேன். கையை உள்ளே விட்டேன். அது ஓடவில்லை. வாலை ஊன்றி எழுந்து, இரண்டு கொடுக்குகளையும் விரித்து என் முகத்தைப் பார்த்தது. கையை எடுத்துக்கொண்டேன். மூடியைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு வலை வாங்கி வந்திருக்கலாம், யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். ஒரு விரல் நீளப் பிராணிக்குப் பயந்தேன் என்று யாரிடம் சொல்ல? அந்த வாரத்துக்குள் தொட்டியில் அது மட்டும்தான் இருந்தது.

கடைசி மீனும் போன மறுநாள் சாயங்காலம் நீ கப்பலிலிருந்து கூப்பிட்டாய். பின்னால் இயந்திர இரைச்சல்.

"எப்படில இருக்கு எல்லாம்?"

"எட்டும் நல்லா இருக்கு மக்கா."

"பாத்தியா, அண்ணாச்சி சும்மா பயங்காட்டிருக்காரு."

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. நான்காம் நாள் தகவல் வந்தது. பகல் தேநீர் வேளையில் உன்னைக் காணவில்லையாம். மேல்தளத்தில் செருப்பு மட்டும் இருந்ததாம். கடல் அமைதியாகத்தான் இருந்ததாம்.

உன் சான்றிதழ்களை எடுத்துவரக் கப்பல் கம்பெனியில் சொன்னார்கள். போய்க் கதவைத் திறந்தேன். சத்தமே இல்லை. தொட்டியின் மூடி ஒரு கை அகலத்துக்கு விலகியிருந்தது. சட்டிக்குள் எதுவும் இல்லை. பூட்டிய வீட்டில் கட்டிலுக்கடியிலும் அலமாரிக்குப் பின்னும் தேடினேன். தேடத் தேட, நான் தேடுவது அதைத்தானா என்ற சந்தேகம் வந்து, பாதியில் வெளியே ஓடி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் ஜெசிந்தா வந்தாள், இருபது நாள் குழந்தையோடு. குளியலறை வாளிக்குப் பின்னால், ஈரத்தில், தூசி அப்பிய உடம்போடு அதைக் கண்டவள் அவள்தான். பார்க்கவே பிடிக்காதவள், குழந்தையை என்னிடம் தந்துவிட்டுக் குனிந்து வெறுங்கையால் அதன் முதுகைப் பிடித்துத் தூக்கினாள். கொடுக்குகள் காற்றில் துழாவின.

"உயிரோட இருக்குண்ணே" என்றாள். வேறு எதையோ சொல்வதுபோல இருந்தது.

பிறகு உன் உடைமைகள் ஓர் அட்டைப்பெட்டியில் வந்தன. அவள் அதைப் பிரிக்கவில்லை. "சட்டதான வந்திருக்கு, ஆளு வரலல்லா" என்று கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஒரு வருடம் உன் பெயரில் இறந்தோர் பூசை வைக்கச் சம்மதிக்கவில்லை. தெருவில் யார் நடந்தாலும் நிமிர்ந்து பார்ப்பாள். அவள் பார்க்கும்போது நானும் பார்ப்பேன்.

கடைசியில் போன வருடம் பூசை வைத்தாள். மாதா கோவிலை விட்டு வெளியே வந்ததும், அவளிடம் மீன்களைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். உன்னிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

"அவருக்குத் தெரியும்ணே" என்றாள். "ஒங்ககிட்ட பேசிட்டு எனக்குத்தான் போன் போட்டாரு. 'அவன் பொய் சொல்லுதான். பயந்தாங்கொள்ளி, கைய விட்டிருக்க மாட்டான். நீ ஒண்ணும் கேக்காத, நான் வந்து வேற மீனு வாங்கித் தாரேன்'னு சொன்னாரு."

சிங்கியை அன்றைக்கே என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தனியாகத்தான் இருக்கிறது. இப்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், எடுப்பதற்கு முன்பே ஒரு பதில் என் நாக்கில் வந்து நிற்கிறது. 'எட்டுல ஒண்ணுகூட இல்லல மக்கா, எல்லாத்தயும் பறிகுடுத்துட்டேன்.' எடுத்துக் காதில் வைத்து, எதிர்முனையில் யாராவது பேசும்வரை நான் பேசுவதில்லை.