நோகாத முழங்கால்

ஆடி 18, ஞாயிறு இரவு

தலைமன்னார் சைக்கிள் ஓட்டத்தில் நான்தான் முதலாவது. மாவட்டத்தை ஆளும் ஏஜெந்துத் துரை தன் கையால் வெள்ளிக் கிண்ணம் தந்தார். எனக்குச் சம்பளம் தந்து ஓடவைக்கும் சைக்கிள் கடை முதலாளிக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

விடியற்காலையில் அவர்தான் இரண்டு மருந்துக் குளிசை தந்தார். "இதைப் போட்டிட்டு ஓடு. நோவே தெரியாது." வீங்கிய முழங்காலை நினைத்து விழுங்கிவிட்டேன். ஓட்டத்துக்கு முன் கோயில் பூசையில் மணி அடித்தபோதுதான் உறைத்தது. நள்ளிரவுக்குப் பிறகு மருந்து விழுங்கினவன்கூட நற்கருணை வாங்கக் கூடாது; வாங்கினால் சாவான பாவம். ஓட்டக்காரர் எல்லோரும் எழுந்தார்கள். நான் மட்டும் எழாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். நானும் போய் நற்கருணைக்கு நாக்கை நீட்டினேன்.

பின்னேரம் முழங்கால் பனங்காய் போல வீங்கிவிட்டது. மனைவி பிலோமினா அழுத்திப் பார்த்தாள்.

"நோகேல்லையோ?"

"இல்லை."

"நேற்று நடக்க ஏலாமல் கிடந்தனீங்கள். இண்டைக்கு நற்கருணை வாங்கின உடன நோ போயிட்டுது. இது ஆண்டவர் செய்த புதுமையப்பா!"

 அவள் அயலைக் கூட்டிவந்துவிட்டாள். என் காலடியில் மெழுகுதிரி கொளுத்திச் செபமாலை சொன்னார்கள். ஒருத்தி, நடக்க முடியாத தன் மகளின் காலை என் முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

விடிந்ததும் பூசை வைத்த சுவாமியாரிடம் புதுமை என்று சொல்லப்போகிறார்களாம்.

பிலோமினா தூங்கிவிட்டாள். நான் ஊசியால் முழங்காலைக் குத்திப் பார்க்கிறேன். இரத்தம் மட்டும் வருகிறது. குளிசையின் வேகம் இன்னும் இறங்கவில்லையா, அல்லது கால்தான் செத்துவிட்டதா?

மாதாவே, விடியுமுன் எனக்கு நோகட்டும்.