பிலோ வாங்கின எசிட் போத்தல் ரெண்டு

ஒக்டோபர் 24, வெள்ளி

விடியத் தொடங்கின மழை. தெருவோரக் கான் நிரம்பி வாசற்படி மட்டும் தண்ணி. கொட்டாஞ்சேனையில இதெல்லாம் செய்தியே இல்லை.

செய்ய: கல்சியம் குளிசை. முழங்கால் எண்ணெய். மெழுகுதிரி ரெண்டு பக்கற். குடையைத் தைக்கக் குடுக்க.

குளிசைப் பெட்டியில கல்சியம் காபனேற்று எண்டு போட்டிருக்கு. சிப்பி, முட்டைக்கோது, சேமக்காலைக் கல்லறை மாபிள் எல்லாம் அதுதான். முப்பத்தொரு வருசம் பள்ளியில படிப்பிச்சதை இப்ப நாளுக்கு ரெண்டா விழுங்கிறன்.

தம்பி செத்துப் பதினொரு வருசம். அவன்ர மனுசி பிலோ இன்னும் என்ர வீட்டிலதான். போறன் போறன் எண்டுறா, போறதைக் காணேல்லை. இண்டைக்கு முழுக்கப் போன். "மகன் கனடாவில இருந்து வாறான், ரெண்டாம் திகதி ஆத்துமாக்கள் நாளுக்கு! அப்பாட கல்லறையைப் பளபளவெண்டு ஆக்கோணும்!" பஸ் ஸ்ராண்ட் மட்டும் கேட்டிருக்கும்.

26, ஞாயிறு

மழை இல்லை, புழுக்கம். பூசை முடிஞ்சு பிலோவோட சேமக்காலைக்கு.

ஒரே குழிதான், கல் ரெண்டு. தலைமாட்டில தம்பிட பெரிய மாபிள். "பாசமிகு கணவர், அன்புத் தந்தை." பிலோ எழுதுவிச்சது. அக்கா எண்டு ஒரு சொல் இல்லை. ரெண்டு வருசம் கஞ்சி பருக்கி, பீ மூத்திரம் அள்ளினது நான். அவ அப்ப மணம் தாங்கேலாதெண்டு வராந்தாவில. வருசா வருசம் வாசிக்கிறன், வருசா வருசம் வயிறு எரியுது.

கால்மாட்டில அம்மாட சின்னக் கல். மெல்லிசு, முப்பது வருசப் பழசு. நான் எழுதிக் குடுத்ததை என்ர கையெழுத்திலயே கல்வெட்டுக்காரன் பாத்து வெட்டினவன். அம்மாட படமெல்லாம் வெள்ளத்தில போனது. மிச்சம் இதுதான். இதை நான் மட்டும்தான் கழுவுறது, வெறும் தண்ணியும் பழைய சீலைத் துண்டும். பிலோ ஏறெடுத்தும் பாக்கிறதில்லை.

ரெண்டு கல்லிலயும் கறுப்பு. பஸ் புகையும் ஹாபர் லொறிப் புகையும் மழையில கலந்து மாபிளை அரிச்சு அரிச்சு ஒரு தோல் மாதிரிப் பிடிக்கும். பிலோவுக்கு அது அழுக்கு. "சீ, என்ன ஊத்தை" எண்டு நகத்தால சுரண்டினா.

28, செவ்வாய்

பின்னேரம் ரியூசன். பெட்டையள் ரெண்டு பேர். முட்டைக்கோதை வினாகிரியில போட்டுக் காட்டினன்.

"நுரை வந்தா என்ன?"
"காபனேற்று, ரீச்சர்."
"நுரைக்கேக்க கோதுக்கு என்ன நடக்குது?"
ரெண்டு பேரும் கோப்பைக்குள்ள எட்டிப் பாத்தாளவை.
"குறையுது, மொக்குகள்! நுரைச்சுப் போறதே கோதுதான், காபனீரொட்சைட்டா."
"போய் எங்க சேரும் ரீச்சர்?"
"காத்தில. கொஞ்சம் கடல்ல. அங்க தண்ணி புளிச்சு சிப்பியும் முருகைக்கல்லும் கரையும். எழுதுங்கோ."

அவளவை போய்ப் பத்து நிமிசம். பிலோ கக்கூஸ் கழுவுற எசிட் போத்தல் ரெண்டோட வந்து நிண்டா.

"மச்சாள், நீங்கள் படிச்ச ஆள். இதைக் கல்லறைக்குப் போடலாமோ? கடைக்காரன் தனக்குத் தெரியாதாம்."

நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தனான். நிமிரேல்லை.

"வெள்ளையா வரும்" எண்டன்.

பொய் இல்லை. வெள்ளையாத்தான் வரும். மினுக்கம் செத்து, சொரசொரத்து, எழுத்து மழுங்கி, வெள்ளையா. மகன் வந்து பாக்கட்டும் தாய்ட கைவண்ணத்தை. "பாசமிகு கணவர்". நல்லா நுரைக்கட்டும்.

இரவுச் சாப்பாடு: இடியப்பம், சொதி. கனநாளைக்குப் பிறகு ருசிச்சுச் சாப்பிட்டன்.

29, புதன்

முழங்கால் வீக்கம். பிலோ கேக்காமலே எண்ணெய் சூடாக்கி வந்து தேய்ச்சு விட்டா. நல்ல இதம், அதையும் எழுதத்தான் வேணும். மாபிளுக்கு எசிட் கூடாது பிலோ எண்டு நாக்கு நுனி மட்டும் வந்திட்டுது.

அந்த நேரம் மகன்ர போன். "மகன், நான்தானே அப்பாவைக் கடைசி மட்டும் பாத்தனான், என்ர இந்தக் கையால."

அந்தக் கை அப்ப என்ர முழங்காலில. வாயை மூடிக்கொண்டன்.

30, வியாழன்

வெயில். பிலோ வெள்ளன த்ரீவீல் பிடிச்சுச் சேமக்காலைக்குப் போயிட்டா. வாளி, கம்பி பிரஷ், சவுக்காரம், போத்தல் ரெண்டு. "நீங்களும் வாங்கோவன்" எண்டா. முழங்கால் எண்டன்.

பகல் முழுக்க ஒரு வேலையும் ஓடேல்லை. சந்தோசத்தில.

ரெண்டு மணிக்கு வந்தா. கண் சிவப்பு, இருமல், விரல் தோல் உரிஞ்சிருக்கு. "என்ன நுரை மச்சாள்! அழுக்குப் பொங்கிப் பொங்கி வருது. விட்டுடுவனோ, நிக்குமட்டும் ஊத்தித் தேய்ச்சனான்."

சிரிப்பை அடக்கக் குசினிக்குள்ள ஓடினன். அழுக்காம்! பைப்புக்குக் கீழ கையைக் கனநேரம் பிடியும் எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை.

"எப்பிடி வந்திருக்கு?" எண்டு கேட்டன்.
"சொல்லமாட்டன். ஞாயிறு பாருங்கோவன்."

நவம்பர் 1, சனி

மகன் ஜூட் வந்திட்டான். சொக்லட், சுவெற்றர். கொழும்பு வெக்கைக்குச் சுவெற்றர்! "மாமி மெலிஞ்சு போனீங்கள்" எண்டு கட்டிப்பிடிச்சான். தகப்பன்ர அதே சிரிப்பு. நாளைக்கு அந்த முகம் எப்பிடிப் போகும் எண்டு பாக்கோணும்.

2, ஞாயிறு

தூறல். சேமக்காலை முழுக்கச் சனம், பூ, மெழுகுதிரி.

தூரத்திலயே தம்பிட கல்லைத் தேடினன். அதே கறுப்பு. மினுக்கம் அப்பிடியே. ஒரு எழுத்துக்கும் ஒண்டுமில்லை.

கால்மாட்டில வெள்ளை.

"உங்கட அம்மாவிலதான் முதல் தொடங்கினனான் மச்சாள்" எண்டு பிலோ என்ர கையைப் பிடிச்சா. "பாவம், முழங்காலோட குந்தி இருந்து கழுவுறீங்கள், இந்த முறை நான் செய்து வைப்பம் எண்டு. நுரை நிக்கவேயில்லை. ரெண்டு போத்தலும் அதிலயே முடிஞ்சுது. இவருக்குச் சவுக்காரம்தான். பாருங்கோ, நீங்கள் சொன்ன மாதிரியே வந்திருக்கு."

குந்தினன். முழங்கால் நொந்ததே தெரியேல்லை. தடவிப் பாத்தன். மணல் மாதிரி உதிருது. பேர் இருந்த இடத்தில ஒரு சின்னப் பள்ளம், பிறகு ஒண்டுமில்லை. அம்மா, நான்தானம்மா.

ஃபாதர் ஒவ்வொரு கல்லா பேர் வாசிச்சுத் தீர்த்தம் தெளிச்சு வந்தார். தம்பிட பேரை வாசிச்சார். கால்மாட்டில குனிஞ்சார், கண்ணாடியைத் துடைச்சார், திரும்பக் குனிஞ்சார்.

"இது ஆர்?"

பிலோதான் சொன்னா, "என்ர மாமி, ஃபாதர்."

ஜூட் வெள்ளைக் கல்லைப் பாத்திட்டுத் தாயைக் கட்டிப்பிடிச்சு, "அம்மா, என்ன சுத்தம்!" எண்டான். பிலோ அந்தத் தோல் உரிஞ்ச கையால கண்ணைத் துடைச்சுக்கொண்டு என்னைப் பாத்தா.

"நல்லா வந்திருக்குத்தானே மச்சாள்?"

ஓம் எண்டன்.