கையைக் கட்டிக்கொண்டு நின்ற வேலை

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம், என் இடுப்பு மட்டும் அவ்வப்போது தனிக்குடித்தனம் கேட்கிறது, நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அக்கா பையனுக்குப் பல் முளைக்கிறது, தூக்குகிறவர் விரலையெல்லாம் கடிக்கிறான். அம்மா புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை, நான் துடைத்த இடமெல்லாம் அழுக்காகத் தெரிகிறதாம்.

நான் உதவியாளாக இருக்கும் மாற்றுத்திறனாளிகள் விடுதியில் மேனேஜர் என்று ஒருவன் இருக்கிறானே, எல்லோரையும் குறை சொல்வதால் நாங்கள் வைத்த பெயர், பிறவியிலேயே கைகால் நடுக்கம், வீல்சேரில் சுற்றுவான், அவனுக்குத் தனி வீடு எடுத்து இருக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. தனியாகச் சமாளிப்பானா என்று பார்க்க நலத்துறை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், ஒரு டீ போட்டுக் காட்டச் சொன்னார். கெட்டில் சாய்ந்தது, அவ்வளவுதான், பாழாய்ப்போன என் கை தானாகப் போய்ப் பிடித்துவிட்டது. மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்துச் சாய்த்து ஊற்றுவதுதான் அவன் பழக்கம், தினமும் பார்க்கிற எனக்கே அந்த நேரத்தில் மறந்துவிட்டது. உதவி தேவை என்று எழுதிக்கொண்டு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அந்த அம்மா போய்விட்டார். மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அடுத்த தடவை வேறு ஆளை நிறுத்துங்கள் என்று நானே சொன்னேன். அவன்தான் விடவில்லை, இந்த அங்கிள்தான் நிக்கணும், இவரு கைய சும்மா வெச்சுட்டாருன்னா அப்புறம் யார வேணா நான் சமாளிச்சிடுவேன் என்றான்.

மறுபடி வந்த அன்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பாதி டீ கோப்பையில், பாதி மேசையில். அவனே துடைத்தான், துடைத்ததில் கொஞ்சம் தரைக்குப் போனது, நான் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. அந்த அம்மா குடித்து முடித்து, சரி என்று சொல்லிவிட்டார். போன வாரம் வீடு மாறினான். சாமானை இறக்கிவிட்டுப் படுக்கையை விரிக்கப் போனேன், வேலை முடிஞ்சுது, கெளம்புங்க அங்கிள் என்று என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டான். வாசலில் நின்று அழுதேன் கண்ணு, சந்தோஷம்தான், கொஞ்சம் வருத்தமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

உன் புது வீட்டில் சாமான் அடுக்க வருகிறேன் என்று டிக்கெட் பார்த்து வைத்திருந்தேன், வேண்டாம்ப்பா, நானே பாத்துக்கறேன் என்று நீ சொன்னதும் கோபத்தில் போனை வைத்துவிட்டேன். நீயே அடுக்கு. எல்லாம் முடிந்த பிறகு கூப்பிடு, வந்து உட்கார்ந்து நீ போடும் டீயைக் குடித்துவிட்டு வருகிறேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்தி. படுக்கும் முன் கேஸை மூடினாயா என்று பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா