மாட்டியவர்தான் கழற்றவேண்டும்

மார்ச் 4

இன்று கடையில் ஒரு பெரியவர் புது மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் முகத்தைப் பார்த்தார். "இவ்வளவு வயசாயிடுச்சா எனக்கு? பழசையே குடுத்துடும்மா" என்றார். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் ஃபிரேமை நான் வளைத்துக் கொடுக்கும்போது அவரும் மற்றவர்களைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார். யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் குழந்தையாகிவிடுகிறார்கள். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் இவர் ஒரு மாதிரி உட்கார்ந்திருந்தார். கூட வேலை செய்கிறவரின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தாரே, அந்த ரத்த வங்கியிலிருந்து மறுபடி வரச் சொல்லிப் போன் வந்ததாம். எதற்கு என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்கிறார். இந்த லிஃப்ட் மெக்கானிக் ஒண்ணும் இல்லை என்றால் எங்கேயோ கயிறு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா?

மார்ச் 7

எச்.ஐ.வி.

மார்ச் 8

நேற்று அதற்கு மேல் கை ஓடவில்லை.

சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னார். உள்ளே வரவில்லை. முந்தின வருஷம் வெளியூரில் புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டப் போய் மாசக்கணக்கில் தங்கினாரே, அப்போது. யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? "ஜாக்கிரதையா இருக்கலையா" என்று மட்டும் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

ஊரில் உள்ள லிஃப்டுக்கெல்லாம் பாதுகாப்புப் பார்க்கிற மனுஷன். தலையில் தொப்பி இல்லாமல் ஒரு நாள் வேலைக்கு இறங்கியதில்லை. ஒரு ஆணுறை வாங்கிப் போட்டுக்கொள்ள அன்றைக்கு என்ன கேடு வந்தது?

என்னை ஏமாற்றியதற்கு அழுவதா, எனக்கும் இருக்குமோ என்று பயப்படுவதா, இவர் செத்துப்போவாரோ என்று பதறுவதா. மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் எதை முதலில் கவனிப்பது என்று தெரியவில்லை. குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11

எனக்கு இல்லை. எங்கள் மகள் குட்டிக்கும் இல்லை.

மூன்று மாதம் கழித்து நான் இன்னொரு முறை பார்க்கவேண்டுமாம். அதுவரைக்கும் உறுதியாகச் சொல்லமுடியாதாம். ஆஸ்பத்திரியில் "கவுன்சிலரைப் பாருங்க" என்றார்கள். அந்தக் கலக்கத்தில் நான் தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் கொடுப்போமே, அந்தக் கவுன்சிலரா என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

இவர் இன்றைக்கே மாத்திரை தொடங்கிவிட்டார். தினமும் ஒரே நேரத்தில், விடாமல் சாப்பிட்டால் ஆயுசுக்கும் நன்றாக இருக்கலாமாம். மூன்றில் ஒன்று குறைந்தது.

மார்ச் 23

இவருக்குத் தனித் தட்டு. தனி டம்ளர். அடியில் என் நகப்பூச்சை எடுத்துச் சிவப்பாகப் புள்ளி வைத்திருக்கிறார். ஹாலில் பாய். ஜன்னலில் தனிக் கயிறு கட்டி அதில் துண்டு. எல்லாம் இவரே செய்தது.

கவுன்சிலர் அம்மா படித்துப் படித்துச் சொன்னார். எச்சிலில் பரவாது, தொட்டால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. இவரும் பக்கத்தில் உட்கார்ந்துதானே கேட்டார்? தலையைத் தலையை ஆட்டினாரே.

சாயங்காலம் குட்டி கதவுக்குப் பின்னாலிருந்து இவருடைய மஞ்சள் பலகையை இழுத்துக்கொண்டு வந்தாள். 'வேலை நடக்கிறது, ஏறாதீர்கள்' என்று எழுதியது. அவளுக்கு நாலு வயது, இன்னும் படிக்கத் தெரியாது. இது எதுக்கு என்று கேட்டாள். இவர் எட்ட இருந்தபடியே விளக்கினார். லிஃப்டில் வேலை செய்யும்போது வெளியே இதை மாட்டவேண்டும். மாட்டியவர்தான் கழற்றவேண்டும், வேறு யாரும் கழற்றக்கூடாது. ஏன் என்றாள். உள்ளே ஆள் இருப்பது மாட்டியவருக்குத்தானே தெரியும், வேறு யாராவது கழற்றி லிஃப்டை ஓட்டினால் உள்ளே இருப்பவர் நசுங்கிவிடுவாரே என்றார். குட்டி பெரிய மனுஷி மாதிரி "ம்" கொட்டினாள்.

முன்பென்றால் மடியில் வைத்துக்கொண்டு சொல்லியிருப்பார்.

ஏப்ரல் 15

சண்டை போடலாம் என்று உட்கார்ந்தேன். மனசு முழுக்க இருக்கிறது. அந்த ஊர், அந்த மாசங்கள், போனில் "சாப்டியா" என்று கேட்ட குரல், எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக் கேட்கவேண்டும். கேட்டேன். ஹாலின் அந்தக் கோடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு "எல்லாம் என் தப்புதான்" என்கிறார். இன்னும் கேட்டேன். "எல்லாம் என் தப்புதான்."

அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கிட்டே போனால் எழுந்துவிடுகிறார். இந்த மனுஷன் எனக்குத் துரோகமும் பண்ணிவிட்டு, அதற்குச் சண்டை போடுகிற உரிமையையும் பிடுங்கிக்கொண்டார்.

மன்னித்தேனா? இல்லை. அது தனிக் கணக்கு. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தானே அதைப் பேசித் தீர்க்கமுடியும்.

ஜூன் 12

இரண்டாவது முறையும் எனக்கு இல்லை. இவரிடம் சொன்னேன். சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். நான் போய்த் தோளில் கை வைத்தேன். பல்லி விழுந்த மாதிரி உதறினார்.

கடையில் இன்று எத்தனை முகத்தைத் தொட்டிருப்பேன். யாரென்றே தெரியாதவர்கள் என் கையில் மூக்கையும் காதையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 3

எழுத மனசில்லை. ஆனால் எழுதாவிட்டால் தொண்டையிலேயே நிற்கும்.

குட்டி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். பாதி கடித்ததை இவர் வாயில் கொண்டுபோய்த் திணித்தாள். எப்போதும் செய்கிறதுதான். அவள் எச்சில் படாத பிஸ்கட்டை இவர் தின்றதே கிடையாது. இன்று அவள் விரல் உதட்டில் பட்டதும் இவர் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டார். பயத்தில்தான். ஆனால் குட்டி பின்னால் சாய்ந்து விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. அழக்கூட இல்லை, இவரையே பார்த்தாள். இவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து "விரல் கழுவிவிடு, விரல் கழுவிவிடு" என்கிறார் என்னிடம். தானே கழுவிவிடலாம் இல்லையா? அதுவும் மாட்டார்.

கீழே கிடந்த அந்தப் பாதி பிஸ்கட்டை எடுத்து நான் தின்றேன். இவர் பார்க்கட்டும் என்றுதான் தின்றேன்.

ஆகஸ்ட் 19

குட்டி இப்போது அப்பாவிடம் போவதில்லை. கூப்பிட்டால் என் புடவையைப் பிடித்துக்கொள்கிறாள்.

இவர் கூப்பிடுவதுமில்லை.

அக்டோபர் 6

நல்ல செய்தி. இப்படி ஒரு சொல்லை எழுதி எவ்வளவு நாளாயிற்று.

ரத்தப் பரிசோதனையில் கிருமி 'கண்டறியப்படவில்லை' என்று வந்திருக்கிறது. கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லையாம், மாத்திரை அதைப் படுக்கப் போட்டிருக்கிறதாம், நிறுத்தினால் எழுந்துவிடுமாம். ஆனால் இப்படியே தொடர்ந்து இருந்தால், மாத்திரையை விடாமல் இருந்தால், படுக்கையில்கூட எனக்குப் பரவாது. கவுன்சிலர் அம்மா இதை எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். அது உறுதியாகும்வரை உறை இருக்கிறது. பயம் போகவில்லை என்றால் நோய் வராமல் தடுக்க நானும் ஒரு மாத்திரை சாப்பிடலாமாம். இத்தனை கதவு திறந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. எல்லாவற்றையும் செய்யலாம் என்றேன். வெட்கமே இல்லாமல் சொன்னேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது இவர் பேசினார். இந்த ஏழு மாதத்தில் நீளமாகப் பேசியது இதுதான்.

"கயிறு அறுந்தாலும் பிரேக் பிடிச்சுக்கும், பயப்படாம ஏறுங்கன்னு ஊருக்கெல்லாம் நாந்தான் சொல்றேன். அது உண்மையும்தான். ஆனா கயித்த அறுத்துட்டு உன்ன அதுல ஏத்திப் பார்க்க என்னால முடியாது. அன்னிக்கு மாட்டவேண்டிய பலகைய மாட்டாம விட்டேன். இப்பவாவது மாட்டிக்கிறேன், விடு."

"எப்பதான் கழட்டுவீங்க?" என்றேன்.

பஸ் வந்தது. எனக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அக்டோபர் 7

அந்த அம்மா சொல்வதை நம்பமாட்டார். பரிசோதனையை நம்பமாட்டார். மாத்திரையை மட்டும் ஒரு வேளை தவறவிடமாட்டார். எதை நம்பி அதைச் சாப்பிடுகிறார்?

நவம்பர் 20

கடையிலிருந்து வந்தபோது குட்டி ஜன்னலோரம் விளையாடிக்கொண்டிருந்தாள். இவர் எதிர் மூலையில் செருப்புத் தைக்க ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். கரடிப் பொம்மையைச் சுவரோரம் தனியாக உட்காரவைத்திருந்தாள். அதன் கழுத்தில் லென்ஸ் பெட்டியின் அட்டை ஒன்று நூலில் தொங்கியது. அட்டையில் மஞ்சள் கிரேயானால் கிறுக்கியிருந்தாள். நான் கரடியை எடுக்கப் போனேன்.

"தொடாதம்மா. அதுக்குள்ள வேலை நடக்குது."

எப்போது முடியும் என்று கேட்டேன்.

"தெரியாது. அதுவே மாட்டிக்கிச்சு. அதுவேதான் கழட்டும்."

சொல்லிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை. இவர் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போதாவது இந்த மனுஷன் எழுந்து வருவார், குழந்தையைத் தூக்குவார் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

நவம்பர் 23

போய்விட்டார்.

"கொழந்த இதையெல்லாம் கத்துக்குது. நான் இங்க இருந்தா அவ இப்படித்தான் வளருவா" என்றார். தள்ளி வைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டோமே என்று வருத்தமாம். அந்த வருத்தத்துக்கு மருந்தாக இன்னும் தள்ளிப் போகிறாராம். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது.

வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் அறை. சிவப்புப் புள்ளி வைத்த டம்ளர், தட்டு, பாய், துண்டு. கயிற்றைக்கூட அவிழ்த்துக்கொண்டார். குட்டியின் தலையைத் தடவக் கை நீட்டி, பாதியில் எடுத்துக்கொண்டு, கதவைத் தடவிவிட்டுப் போனார்.

டிசம்பர் 14

அக்கா போன் செய்தாள். மாப்பிள்ளை வேலை விஷயமாகத்தானே தங்கியிருக்கிறார் என்று கேட்டாள். ஆமாம், பெரிய வேலை, எப்போது முடியும் என்று சொல்லமுடியாது என்றேன். பொய்யும் இல்லை.

பிப்ரவரி 2

குட்டிக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இருந்தபோது வராந்தாவின் கோடியில் நின்றார். நாங்கள் வெளியே வரும்வரை நின்றார். பிறகு போய்விட்டார்.

இளைக்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறார். நோய் அவரை ஒன்றும் செய்யவில்லை. எங்களைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

ஏப்ரல் 9

கவுன்சிலர் அம்மாவைப் பார்த்தேன். இவர் வந்துபோனாராம். இந்த முறையும் 'கண்டறியப்படவில்லை'. நானும் பரிசோதனை செய்துகொண்டேன், எனக்கு இல்லை. "இப்ப உங்களுக்கு என்னதான்மா பிரச்சினை?" என்று அந்த அம்மா கேட்டார். என் புருஷன் என்னை ரொம்பக் காப்பாற்றிவிட்டார் என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தேன்.

இவர் இந்த முறை நிறையக் கேள்வி கேட்டாராம். பிஸ்கட் என்று ஏதோ கேட்டாராம். குழந்தை கடித்த பிஸ்கட்டை ஒரு ஆள் தின்றால் என்ன ஆகும் என்று. வயிறு கொஞ்சம் நிறையும் என்றாராம் அந்த அம்மா.

மே 17

இன்று கடைக்கு வந்தார்.

எனக்காக வரவில்லை, கண்ணுக்காகத்தான். கிட்டத்தில் இருக்கிற எழுத்து மங்குகிறதாம், ஒயரில் ஒட்டிய எண்ணைப் படிக்கமுடியவில்லையாம். முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் வேறு கண்ணாடிக் கடையே இல்லையா? அவர் வேலை பார்க்கும் இடத்துக்கு எதிரிலேயே ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரியும்.

முதலாளி கண்ணைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். லென்ஸைப் போட்டு ஃபிரேமைத் தயார் செய்தது நான். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மற்றவர்களிடம் சொல்கிற அதே குரலில், "நேரா பாருங்க சார்" என்றேன். சார் என்றதும் வாயோரம் லேசாகத் துடித்தது.

மாட்டிவிட்டேன். வேலை இது. எழுந்து ஓடினால் முதலாளி என்ன நினைப்பார்? கையால் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காதுக்குப் பின்னால் என் விரல் போனபோது எல்லோரையும் போலவே கண்ணை மூடிக்கொண்டார். காதோரம் நரைத்திருக்கிறது. இவ்வளவு கிட்டத்தில் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். வளைவு சரியாக வரவில்லை. குனியச் சொன்னேன், கண்ணாடி மூக்கில் வழுக்கியது.

"லூஸா இருக்கு. கழட்டிக் குடுங்க, சரி பண்றேன்."

கை நாற்காலியிலேயே இருந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

"மாட்டினவங்கதானே கழட்டணும்" என்றார்.

முகத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து காட்டினார். முதலாளி கல்லாவில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் இரண்டு கையாலும் கழற்றினேன். மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்துவிட்டேன். கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது, அதையும் துடைத்துவிட்டேன்.

தள்ளிப் போகவில்லை.