உன் பெயரில் நான் எழுதிய இருபத்தொன்று

இன்னும் கிழக்கு வரப்பில் நிற்பதாகவே நான் நினைத்துக்கொண்டிருக்கும் என் மச்சான் கலியமூர்த்திக்கு,

ஐப்பசி பிறந்துவிட்டது. பூனைப்பருந்துகள் வந்துவிட்டன. வந்துவிட்டன என்று சொல்லவே வாய் கூசுகிறது. ஒன்பது. போன வருஷம் இதே ஒதியம்பட்டுத் தரிசில் நாற்பதுக்குக் குறையாமல் இறங்கின. நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன்.

மோட்டார் கொட்டாயில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆவணியில் அப்படியே போய்விட்டாய். போனதுதான் போனாய், இந்தச் சமயம் பார்த்தா போவாய்? தரிசில் மனை போடப்போகிறார்கள். நீ நிற்கும் வரப்பு வரைக்கும் மஞ்சள் அடித்த கல் நட்டிருக்கிறார்கள். எத்தனையோ தேசம் தாண்டி வந்து, மரத்தில் ஏறாமல் புல் தரையில் ராத்தங்கும் பறவை. அந்தக் கல்லுக்கு நடுவில் எங்கே போய்ப் படுக்கும்?

கடையை மூடிவிட்டு நான் மனுவோடு ஏறாத ஆபீஸ் இல்லை. ஒரே ஒரு ஆபீசர் காது கொடுத்துக் கேட்டார். "இருபதுக்கு மேல தங்குதுன்னு ரெண்டு பேரு எண்ணி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க பாய். மேல அனுப்பிப் பாக்குறேன்" என்றார். ரெண்டு பேர். அவரிடம் நான் என்ன சொல்வேன்?

பத்து வருஷமாக நாம் ரெண்டு பேர்தானே. நீ கிழக்கு வரப்பு, நான் மேற்கு. வில்லியனூர் பள்ளிவாசலிலிருந்து காற்றில் பாங்கு வரும்வரை பேசாமல் தனித்தனியாக எண்ணுவோம். பிறகு டீக்கடையில் துண்டுச்சீட்டை மாற்றிக்கொள்வோம். எது குறைவோ அதுதான் நோட்டில் ஏறும். ஏறியதெல்லாம் உன் எண்ணிக்கைதான். "பாத்திரக்கடைக்காரன் கண்ணு மச்சான் ஒனக்கு, ரெண்டு சேத்துத்தான் எண்ணும்" என்று சிரிப்பாய். நான் கோபித்துக்கொண்ட மாதிரி நடிப்பேன். நீ குறைத்துக்கொள்வாய் என்ற தைரியத்தில்தான் நான் ஆசைப்பட்டபடி எண்ணினேன்.

இப்போது குறைக்க ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஒன்பதை எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தேன். தாளை எடுத்து, என் பெயருக்கு நேரே இருபத்து மூன்று என்று எழுதினேன். உன் பெயருக்கு நேரே இருபத்தொன்று. பொய்யில்கூட உன்னை ரெண்டு கம்மியாகத்தான் எழுத வந்தது, பார். உன் கையெழுத்தையும் நானே போட்டேன்.

போன வருஷ நோட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி செல்வி நோட்டை எடுத்து வந்தாள். என் கையிலிருந்த தாளையும் வாங்கிப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

"அவரு எப்பண்ணே வந்து எண்ணுனாரு?"

கோபமாகக் கேட்கவில்லை. தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வெளியே வந்து உன் மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்று அழுதேன் மச்சான். உன் எண்ணிக்கையை ஊரில் ஒருத்தரும் சந்தேகப்பட்டதில்லை. அதைப் போய் நான் கெடுத்தேனே.

அன்று சாயங்காலம் கிழக்கு வரப்பில் ஓர் ஆள் நின்றது, உன் நீலச் சட்டையில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்விதான், புடவைக்கு மேல் உன் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். பாங்கு சொன்னதும் கிட்டே வந்தாள். நான் ஒன்பது என்றேன்.

"ஏழுதாண்ணே. ரெண்டு ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பி வந்துச்சி. அதையும் சேத்துட்டீங்க."

"இன்னாத்துக்கு அந்தப் பருந்து" என்று நம்மைத் திட்டிக்கொண்டே இருந்தவள் அவள். அவள் முன்னாலேயே பொய்த் தாளைக் கிழித்தேன். ஏழு என்று எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தோம்.

"பழைய நோட்டு ஒதவாது. ஏழ வச்சிக்கினு நான் இன்னா பண்றது பாய்?" என்றார் ஆபீசர். அவரைக் குறை சொல்ல முடியாது. நேற்று பொக்லைன் வந்து மேற்கு மூலைப் புல்லை வழித்துவிட்டது. சாயங்காலம் நான் ஆறு எண்ணினேன். செல்வி ஐந்து என்றாள்.

அந்த இருபத்தொன்றை அப்படியே கொடுத்திருந்தால் தரிசு தப்பித்திருக்குமோ? உன் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று உன் பறவைகளை விட்டுக்கொடுத்துவிட்டேனோ? கடையில் உட்கார்ந்தால் இதே நினைப்பு, தொழுகையில் நின்றாலும் இதே நினைப்பு. இதை வேறு யாரிடம் போய்க் கேட்பேன்? நீ எனக்குச் சொல்லேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஒரே ஒரு பருந்து வந்தாலும் ஒன்று என்றே எழுதுவேன். ஒன்றும் வராத சாயங்காலமும் நாங்கள் ரெண்டு வரப்பிலும் போய் நிற்போம். பாங்கு சொல்லும்வரை தனித்தனியாகப் பார்த்துவிட்டு, சீட்டை மாற்றிக்கொண்ட பிறகுதான் நோட்டில் சைபர் போடுவோம்.

இன்னமும் ரெண்டு சேர்த்தே எண்ணிக்கொண்டிருக்கும்
உன் மச்சான்,
சாதிக்