பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

5 மார்ச் 1988, சனி
கொளுத்தும் வெயில். மெட்ராஸிலிருந்து பழவேற்காடு வரை பஸ்ஸில் நின்றபடியே. கால் வீக்கம். அம்மா இறால் தொக்கு வைத்திருந்தாள், எல்லாம் மறந்தது.
வாங்க: நைனாவுக்கு மூட்டுவலித் தைலம், ரீஃபில்.
ஆபீஸில் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தபால் போகிறதே, அதற்கான பொது விதியின் வரைவைக் கொண்டுவந்தேன். உலகத்தில் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாமாம். சந்தா, பதவி ஒன்றும் வேண்டாம். அதில் ஒரு வரி: ஆளுக்கு ஒரு குடும்பப் பெயர் கட்டாயம். அட கடவுளே! நான் மு. கலா. குடும்பப் பெயருக்கு எங்கே போவேன்?

6, ஞாயிறு
மூட்டம். வரைவைப் பற்றிச் சொன்னேன். நைனா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்டார்.
"ஓட்டு போட்டு முடிவு பண்ணுவாங்களா?"
"இல்ல நைனா. பேசிப் பேசி, முக்கால்வாசிப் பேரு ஒத்துக்கணும். அப்பறம் அது கம்ப்யூட்டர்ல ஓடுதுன்னு செஞ்சு காட்டணும்."
"அட, நம்ம ஊர்க்கூட்டம்! ஏரியில யாருக்கு எந்த எடம்னு பிரிக்கறப்ப எவன் கை தூக்கறான்? உம் கொட்டுவோம், முடிஞ்சிச்சு."
"அங்க பொம்பளைங்க வாயத் தொறக்கக் கூடாதே நைனா."
வலையில் அடுத்த முடிச்சைப் போட்டார். "அங்கயாவது நீ எழுதும்மா" என்றார்.

7, திங்கள்
ஆபீஸ். எழுதி அனுப்பிவிட்டேன். எங்கள் பக்கம் குடும்பப் பெயர் கிடையாது, முன்னால் வருவது அப்பா பெயரின் முதல் எழுத்து, 'கட்டாயம்' என்பதை எடுங்கள் என்று. கூத்து என்னவென்றால், வெறும் கலா என்றால் மெஷின் வாங்கவில்லை. நைனா பெயரைக் குடும்பப் பெயராக்கி, கலா முனுசாமி என்று போட்டுத் தொலைத்தேன்.

12, சனி
ஊரில். நேற்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் பதில் வந்துவிட்டது! நியாயமான கருத்தாம். மாற்று வாக்கியத்தை நானே எழுதி அனுப்ப வேண்டுமாம், எல்லோர் பார்வைக்கும் வைப்பார்களாம். ஆனால் தொடக்கம்: அன்புள்ள திரு. முனுசாமி.
அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "யோவ், உனக்கு வெள்ளக்காரன் தபால் போட்டுக்கிறான்யா!"
நைனா சிரிக்கவில்லை.
"இன்னாமா இது? பேசனது நீ, பேரு எனக்கா? திருப்பி எழுது. நான் முன்னாடி நிக்கற ஒத்த எழுத்துதான், பேசனது எம் பொண்ணுனு எழுது."
மாற்று வாக்கியம் தயார். தமிழில் சொல்லிக் காட்டினேன். வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.
"உம்" என்றார்.